சரளி வரிசைக்கு முன்: யாழ்ப்பாணச் சிறுவரின் இசைக் கல்வியில் பாட்டும் அசைவும் விளையாட்டும்

யாழ்ப்பாணத்தில் முறைசார் இசைக் கல்விக்கு உறுதியான அடித்தளம் உண்டு. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, ஆசிரியர் தரம் தேறியவர்களுக்குக் 'கலாவித்தகர்' பட்டம் வழங்கிவருகிறது. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி, 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வித்துவான்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதில் இவ்வமைப்புகளின் பணி பெரிது. ஆனால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இசையை எங்கிருந்து தொடங்குவது என்பது வேறு கேள்வி. லயம் முதலில் உடலில் பதிய வேண்டும், சுரப் பெயர்கள் அதன் பின்னர் வர வேண்டும், அதற்கான பாட்டும் ஆட்டமும் யாழ்ப்பாண மரபிலேயே உள்ளன என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கர்நாடக இசையின் தொடக்கப் பாடமாகப் புரந்தரதாசர் வகுத்ததாகக் கொள்ளப்படும் சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்னும் வரிசை மிகக் கூர்மையான பயிற்சித் திட்டம். எனினும் அது பல திறன்களை ஒரே வேளையில் கேட்கிறது. மாயாமாளவகௌளையில் ச–ரி போன்ற நெருக்கமான இடைவெளியை அடுத்து ரி–க என்னும் பெரிய தாவல் வருகிறது. கை ஆதி தாளம் போட, வாய் சுரப் பெயர் சொல்ல, மூன்று காலங்களிலும் பாட வேண்டும். தாள உணர்வு ஏற்கெனவே கைவந்த பிள்ளைக்கு இது பயிற்சி. கைவராத பிள்ளைக்கு வெறும் மனனம்.

அந்த உணர்வைத் தரக்கூடியது கும்மி. கும்மியடியில் ஏழு சீர்கள் மும்மை நடையில் வரும். எட்டாம் சீரின் இடம் இறுதி அசையின் நீட்டத்தால் நிரம்பும். வட்டமாகச் சுற்றிச் சீருக்கு ஒரு கைகொட்டும் பிள்ளை, ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் திஸ்ர நடையில் எண்ணி முடித்துவிடுகிறது. சொல் இல்லாத இடத்திலும் தாளம் தொடர்கிறது என்பதையும் எட்டாம் தட்டிலே கற்றுக்கொள்கிறது. பின்னாளில் 'அட்சரம்', 'நடை' என்று ஆசிரியர் கூறும்போது, அறிந்த ஒன்றுக்கே பெயர் கிடைக்கிறது.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) 'ஆடிப்பிறப்பு' இந்தக் கும்மி யாப்பில் அமைந்தது. பயறு வறுப்பதும் குத்துவதும் தேங்காய் துருவுவதும் கொழுக்கட்டை பிடிப்பதும் அதில் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு செயலும் தனக்கென ஓர் அசைவு கொண்டது: குத்துவதற்கு வலுவான தட்டு, துருவுவதற்குச் சீரான சுழற்சி. அவருடைய 'கத்தரித் தோட்டத்து வெருளி'யோ, பாடியபடி நகர்ந்து, பாட்டு நின்றதும் வெருளிபோல் உறைந்து நிற்கும் விளையாட்டுக்கு ஏற்றது. ஓசையையும் ஓய்வையும் இதைவிட எளிதாகக் கற்பிக்க முடியாது. 1930களில் கல்வி அதிகாரி க. ச. அருள்நந்தியின் முயற்சியால் வெளிவந்த 'பிள்ளைப் பாட்டு' தொகுதியும் வகுப்பறையை மனத்திற்கொண்டே உருவானது. இப்பாடல்களை இன்று தமிழ்ப் பாடத்தில் ஒப்புவிக்க வைப்பதோடு நிறுத்திக்கொள்வது பெரும் விரயம்.

காத்தவராயன் கூத்து இன்னொரு சான்று. 'சிந்துநடைக் கூத்து' எனப்படும் இவ்வடிவில் பாட்டும் நடையும் பிரிக்க முடியாதவை. பாத்திரம் பாடும் மெட்டே அதன் காலடியையும் தீர்மானிக்கிறது. மாரியம்மன் கோயில் முன்றில்களில் பாலக் காத்தானாக ஆடும் சிறுவர், சுரம் எழுதப் பழகாமலே நீண்ட மெட்டுகளைக் காலம் தவறாமல் பாடுகின்றனர். ஊர் விளையாட்டுகளும் இவ்வாறே லயம் பயிற்றுகின்றன. கொக்கான் வெட்டும்போது கல் மேலெழுந்து கைக்குத் திரும்பும் கால அளவை உடல் முன்கூட்டியே கணிக்கிறது. சடுகுடு ஒரே மூச்சில் ஓர் அடியைத் தாங்கப் பழக்குகிறது. 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் காலத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா', பாட்டையும் அசைவையும் விளையாட்டையும் சிறுவர் அரங்கில் ஒன்றாக்கியது.

உலக அனுபவமும் இதையே உறுதிசெய்கிறது. ஜெனீவாவில் இசை கற்பித்த தல்குரோஸ், வாத்தியத் திறன் மிக்க மாணவரும் காலப்பிரமாணத்தில் தடுமாறுவதைக் கண்டு, நடையிலிருந்து லயம் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1924இல் மியூனிக்கில் டொரோத்தே குந்தரோடு இணைந்து பள்ளி நிறுவிய கார்ல் ஓர்ஃப், பேச்சையும் ஆட்டத்தையும் தாளத்தையும் சேர்த்தார். ஹங்கேரியில் சோல்தான் கோடாய், தம் மண்ணின் நாட்டுப்பாடல்களையே தொடக்கப் பாடமாக்கினார். இவர்களிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது வழிமுறையையே. அவர்களுடைய மெட்டுகளை இறக்குமதி செய்வது, குறிப்பாகக் கோடாயின் அடிப்படைக்கே முரணானது.

ஆட்டம் சுருதியைக் கெடுக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஓடிக்கொண்டு பாடினால் சுருதி விலகும். ஆகவே ஆடும் பொழுதையும் அமர்ந்து கேட்டுப் பாடும் பொழுதையும் பிரித்தமைக்க வேண்டும். அதே மெட்டைச் சுருதிப் பெட்டியோடு மெதுவாக மீண்டும் பாட வைக்க வேண்டும். விளையாட்டு சாதகத்துக்கு மாற்றாகாது. சாதகம் அதன் மீதுதான் எழ வேண்டும். மற்றோர் ஆட்சேபம் பரீட்சை பற்றியது: விளையாட்டுக்குப் புள்ளியிடுவது எப்படி? சிறு வயதில் புள்ளியே தேவையில்லை என்பதே அதற்கு விடை.

இப்படிப் பாட்டும் ஆட்டமுமாகத் தொடங்குவதற்குப் புதிய கொள்கையும் வேண்டியதில்லை. 1990களின் இறுதியில் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கே முதன்மை கொடுத்தது. ஆயினும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்குதலில் அழகியற் பாடவேளை கணிதத்துக்கு இரையாவது பெற்றோர் அறிந்ததே.

ஆகவே மூன்று செயல்கள் உடனடியாகத் தேவை. முன்பள்ளி, ஆரம்பப்பிரிவு ஆசிரியர் பயிற்சியில் கும்மியும் சிந்துநடையும் செய்முறைப் பாடமாக வேண்டும். இசைத்துறை மாணவர்கள் தத்தம் ஊர் விளையாட்டுப் பாடல்களை மெட்டோடும் அசைவோடும் பதிவுசெய்ய வேண்டும். இசைப் பரீட்சை நடத்துவோர், முதற்படிக்கு முன் எழுத்துத் தேர்வில்லாத ஒரு பாட்டும் ஆட்டமுமான நிலையை ஏற்படுத்த வேண்டும். சரளி வரிசையை அகற்றுவது இவற்றின் நோக்கமன்று. அதைப் பொருளுணர்ந்து பாடும் பிள்ளையை அதனிடம் அனுப்புவதே நோக்கம்.