மும்பை மாநகரின் உணவு விடுதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

வேற்று மொழி பேசும் மக்கள் ஓரிடத்தில் கலந்து இனிது வாழ்வதைப் பெருநகரின் பெருமையாகக் கண்டவர் நம் முன்னோர். காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைக் கூறும் பட்டினப்பாலை, பன்மொழி மாந்தர் அங்கு உறைந்ததையும், அட்டிற்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஆறெனப் பாய்ந்ததையும் ஒருங்கே காட்டுகிறது. வந்து குடியேறுவோரும் அவர்தம் உணவும் நகர வாழ்வில் பிரிக்கவொண்ணாதவை. இவ்வுண்மையை இக்கால இந்தியாவில் காண விழைவோர்க்கு, 1995 வரை பம்பாய் என வழங்கிய மும்பை மாநகரே தக்க சான்றாகும். அந்நகரின் உணவு விடுதிகளைச் சுவை கருதி மட்டுமன்றி, வரலாற்றுக் கண்கொண்டும் நோக்குவோம்.

ஆலைத் தொழிலாளரும் கானாவளிகளும்

மும்பையின் முதற் பருத்தி நூற்பாலை நிறுவப்பெற்றது 1854-ஆம் ஆண்டில். பின்னர் ஆலைகள் பெருகின. கொங்கணக் கரையிலிருந்தும் சாத்தாரா முதலிய மேட்டு நிலப் பகுதிகளிலிருந்தும் ஆடவர் ஆயிரக்கணக்கில் வந்தனர். மனைவி மக்களை ஊரில் விட்டு, ஒரே அறையில் பலராகத் தங்கிய அவர்க்குச் சமைக்க இடமுமில்லை, பொழுதுமில்லை. அவர்க்கென எழுந்தவையே ‘கானாவளி’ எனும் உணவில்லங்கள். மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்தால், தொழிலாளர் குடியிருப்பிலுள்ள ஒரு பெண்மணி இருவேளையும் சோறோ சப்பாத்தியோ ஆக்கியளிப்பார். அடுப்படியில் பாடுபட்டோர் பெண்களே ஆயினும், கடன்காரர் கையிலேயே அவர்தம் வருவாய் சென்று சேர்ந்தது. இந்நிலையை மாற்றப் பிரேமா புரவ் என்னும் பெண்மணி 1975-இல் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தைத் தொடங்கி, அவர்கள் வங்கிக் கடன் பெற வழிவகுத்தார். 1982 சனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்திற்குப் பின் பல ஆலைகள் மீளவில்லை. ஆலையை நம்பியிருந்த கானாவளிகளும் அவற்றோடு நலிந்தன.

ஈரானியர் தேநீர்க் கடைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யசுது, கெர்மான் பகுதிகளிலிருந்து வறுமையாலும் சமயக் கொடுமையாலும் வெளியேறிய மக்கள் மும்பையை அடைந்தனர். பல நூற்றாண்டுகட்கு முன்னரே குசராத்துக் கரையில் குடியேறிய பார்சிகள் வேறு, இவர்கள் வேறு. இவ்வீரானியர் தெருமுனைகளில் தேநீர்க் கடைகள் அமைத்தனர். முச்சந்தி மனை ஆகாதென உள்ளூர் வணிகர் ஒதுக்கிய இடங்களே இவர்க்கு எளிதிற் கிட்டின என்பர். இருபுறமும் வாயில் திறந்து காற்றும் வெளிச்சமும் புகும் அவ்விடங்களே பின்னர் வணிகத்திற்குப் பெருந்துணையாயின. தோபி தலாவில் 1904-இல் எழுந்த கயானி கடையும், பல்லார்டு எசுட்டேட்டில் 1923-இல் எழுந்த பிரிட்டானியாவும் இம்மரபின.

பளிங்குப் பலகை பதித்த மேசை, வளைத்த மரத்தாலாகிய நாற்காலி, சுவரெங்கும் நிலைக்கண்ணாடி, வெண்ணெய் தடவிய முறுகலான ‘புருன்’ ரொட்டி, கெட்டித் தேநீர்: இவையே ஈரானிக் கடையின் இலக்கணம். ‘பாவ்’ எனப்படும் ரொட்டியின் பெயரோ போர்ச்சுகீசியச் சொல்லின் வழிவந்தது. கோவா நாட்டு ரொட்டிச் சூளைக்காரர் வாயிலாக அது மும்பையில் பரவியது. ஒரு கோப்பைத் தேநீரில் ஈரானும் போர்ச்சுகலும் கோவாவும் கூடும் விந்தை இது. ஒரு தேநீரை வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருக்கவும் அங்கு இடமுண்டு. எழுத்தர்க்கும், கூலியாளர்க்கும், மாணவர்க்கும், வேலை தேடுவோர்க்கும் அது பொதுமன்றமாக விளங்கியது.

உடுப்பியாரும் மாதுங்காவும்

உடுப்பிக் கண்ணன் கோயில் மடங்களில் வளர்ந்த மரக்கறிச் சமையலைக் கைத்தொழிலாகக் கொண்டு தென்கன்னட மாவட்டத்தார் பலர் வெளியூர்களுக்குப் புறப்பட்டனர். சென்னையில் உட்லண்ட்சு விடுதியை நிறுவிய கிருட்டிணராவும் அம்மண்ணினரே. மும்பைக்கு வந்த சிறுவர்கள் பகலில் இலையெடுத்தும் பாத்திரம் துலக்கியும், இரவுப் பள்ளிகளிற் பயின்று முன்னேறினர். அத்தகையோருள் ஒருவர் ஏ. இராம நாயக். அவர் 1942-இல் மாதுங்கா இரயில் நிலையத்தருகே தொடங்கிய உடுப்பி சிறீ கிருட்டிண போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு பெரும்புகழ் பெற்றது. அதற்கு முன்னரே, 1937-இல் மணீசு லஞ்சு ஓமும், 1940-இல் கஃபே மெட்ராசும் அப்பகுதியில் தோன்றிவிட்டன.

இவ்விடுதிகள் மாதுங்காவில் செழித்தமைக்குக் காரணம் நம்மவரே. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் வந்த தமிழரும் மலையாளிகளும் கன்னடியரும் அங்குக் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவிற்கு அவர்தம் எண்ணிக்கை பெருகிற்று. மணமாகா இளைஞர்க்கு மெசு சாப்பாடே தாய்வீட்டு உணவு. ஊரிலிருந்து வந்த கடிதத்தை மோரும் சாதமும் ஆறும்வரை படித்திருந்தோர் எத்துணையரோ!

நாட்டுப் பிரிவினைக்குப் பின்

1947-இல் சிந்து மாநிலத்தினின்றும் பஞ்சாபினின்றும் அகதிகளாக வந்தோர் புதியதோர் அத்தியாயம் எழுதினர். கல்யாண் இராணுவ முகாமில் தங்கவைக்கப்பெற்ற சிந்தியரின் குடியிருப்பு 1949-இல் உல்லாசு நகர் எனப் பெயர் பெற்றது. இழந்த நிலத்தையும் வீட்டையும் தூக்கிவர இயலாதவர், கைப்பக்குவத்தை மட்டும் கொணர்ந்தனர். சயான் கோலிவாடாவில் குடியேறிய பஞ்சாபியர், கோலி மீனவர் பிடித்த இறாலைத் தம் முறையில் மாவிற் புரட்டிப் பொரித்தனர். அது ‘கோலிவாடா’ என்னும் பெயராலேயே நாடெங்கும் பரவிற்று.

கல்கத்தாவிற் பிறந்த சீனரான நெல்சன் வாங், 1975-இல் மும்பையில், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டோடு சோயாச் சாறும் சோள மாவும் சேர்த்து ஆக்கிய கோழிக்கறிக்கு ‘மஞ்சூரியன்’ எனப் பெயரிட்டார். மஞ்சூரியாவில் அதனை அறிவாரில்லை. இன்றோ கோழிக்கு மாற்றாகக் காலிபிளவர் புகுந்து, நம் ஊர்த் திருமண விருந்து வரை அது வந்துவிட்டது.

ஒரு மேசையில் அமர்தல்

இவ்வரலாற்றின் உயிர்நிலை சுவையன்று, சமத்துவமே. யார் கையால் உண்பது, யாரோடு அமர்வது என்பவற்றால் சாதி காத்த நாடு இது. நகர விடுதியில் காசு கொடுத்தவன் எவனாயினும் அமரலாம் என்னும் நிலை எளிதில் வந்ததன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் எனப் பெயர் சுட்டியே பாகுபாட்டை விலக்கியது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதன் பின்னரும் 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், உணவு விடுதியொன்றின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

மும்பையிலும் கசப்பு இல்லாமலில்லை. 1966-இல் சிவசேனை தோன்றியதை அடுத்துத் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் உடுப்பி விடுதிகளும் தாக்குண்டன. ஆயினும் கண்ணாடி உடைந்த கடைகள் மீண்டும் திறந்தன. இட்டிலியும் தோசையும் மராத்தியர் இல்லங்களின் காலைச் சிற்றுண்டியாயின. தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் அவித்த இட்டிலி, சைக்கிளில் நகரின் பல மூலைகட்கும் சென்று விலையாகிறது.

நம் கடமை

ஈரானிக் கடைகள் பல மூடப்பட்டன, எஞ்சியவை சில. கானாவளிகளும் அருகிவிட்டன. உடுப்பி விடுதிகளில் இன்று இலையிடும் இளைஞர் பெரும்பாலும் வேறு மாநிலத்தவர். நம் தந்தையர் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கிய நிலையிலேயே அவர்களும் வந்துள்ளனர். அவர்களை ‘வெளியூரான்’ என எள்ளும் சொல் நம் வீட்டில் எழுமாயின், அச்சொல் ஒருகாலத்தில் நம்மை நோக்கியும் எறியப்பட்டதென நம் மக்கட்கு எடுத்துரைத்தல் வேண்டும். அடுத்த முறை குடும்பத்தோடு விடுதிக்குச் செல்லுங்கால், பரிமாறுவோரின் ஊரையும் பெயரையும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாக. தமிழில் சில சொற்களை அவ்விளைஞர் முன்னரே கற்றிருக்கக் காணலாம். அவர்தம் மொழியில் ஒரு சொல்லேனும் நாமும் கற்போம்.