கருமணலும் ஆதி உயிரும்

மணவாளக்குறிச்சிக் கடப்புறத்தின் கருமணலுக்கு உலகச் சந்தை திறந்ததே ஒரு தற்செயல். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மின்னுவதை ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909 வாக்கில் கண்டுகொண்டார். அன்றைய காஸ் விளக்கு மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். மோனசைட்டில் அது உண்டு. இங்கேயே ஆலை போட்டார். முதல் உலகப்போர் மூண்டதும் கைதானார். மின்விளக்கு வந்தபின் மவுசு இழந்த தோரியத்தை அணுசக்தி மறுபடி தூக்கிவிட்டது. 1950-இல் தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தின் ஆலை இன்றும் அங்கே மணல் பிரிக்கிறது.

2007-இல் இந்த வகை மணல் வேறொரு வழக்கில் சாட்சியாக வந்தது. அமெரிக்க ஆய்வாளர் சக்கரி ஆடம், உயிர் கதிரியக்கக் கடற்கரையில் தொடங்கியிருக்கலாம் என்று எழுதினார். ஆதியில் நிலா இன்னும் பக்கத்தில் இருந்தது. ஓதம் பலமாக அடித்தது. முறத்தில் புடைப்பதுபோல அலைகள் லேசான மணலை இழுத்துப்போக, யுரேனைனைட், மோனசைட் போன்ற கனத்த தாதுக்கள் கரையில் குவிந்திருக்கும். அவற்றின் கதிர்வீச்சு வேதிவினைகளுக்கு ஆற்றல் கொடுத்திருக்கும்.

மோனசைட் ஒரு பாஸ்பேட் தாது என்பதுதான் இதில் சுவாரசியம். ஆர்.என்.ஏ. இழைக்குக் காரமூலம், ரைபோஸ் சர்க்கரை, பாஸ்பேட் மூன்றும் வேண்டும். உயிரின் தொடக்கத்தில் டி.என்.ஏ.வோ புரதமோ இல்லாமல் ஆர்.என்.ஏ.வே இரண்டின் வேலையையும் பார்த்தது என்ற கருத்துக்கு 1986-இல் வால்டர் கில்பர்ட் 'ஆர்.என்.ஏ. உலகம்' என்று பெயர் வைத்தார். அதற்கு அடித்தளம், ஆர்.என்.ஏ. நொதிபோல இயங்குவதைக் காட்டி 1989-இல் நோபல் பெற்ற தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோரின் ஆய்வு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் சகாக்களும் வரைந்து காட்டிய ரைபோசோமிலும், அமினோ அமிலங்களைக் கோக்கும் மையம் ஆர்.என்.ஏ.தான்.

கதிர்வீச்சு ஆர்.என்.ஏ.யின் எழுத்துகளான காரமூலங்களை உண்டாக்குமா? உண்டாக்கும். இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பிறகு வேதியியலுக்குத் தாவிய சிரில் பொன்னம்பெரும 1963-இல் சகாக்களோடு இதைச் செய்து காட்டினார். மீத்தேன், அம்மோனியா, நீர்க் கலவைமீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியபோது ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினின் கிடைத்தது.

ஆனால் கட்டுகிற கதிரே உடைக்கவும் செய்யும். நீண்ட இழை அந்த மணலில் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதற்கு ஆடமின் கருதுகோளில் திருப்தியான விடை இல்லை. 2009-இல் ஜான் சதர்லாண்ட் குழு கதிரியக்கத்தின் துணையில்லாமலே, எளிய மூலக்கூறுகளிலிருந்து ஆர்.என்.ஏ.யின் இரண்டு கண்ணிகளை உருவாக்கியது. கைகொடுத்தது பாஸ்பேட்டும் புற ஊதா ஒளியும்.

மணவாளக்குறிச்சியில்தான் உயிர் பிறந்தது என்று யாரும் மார்தட்டவும் வேண்டாம். இம்மணலுக்குத் தாயான தென்முனை மலைப்பாறைகள் இன்றைய உருவத்துக்கு வந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற படிவங்களுக்கு வயது சுமார் 348 கோடி. யுரேனைனைட்டும் இங்கே குவியாது. ஆக்சிஜன் மிகுந்த இன்றைய காற்று பட்டால் அது நீரில் கரைந்துபோகும்.