சுவருக்குள் இருந்த முஸ்ஹஃப்



ஸ்பெயின் நாட்டின் அரகோன் பகுதியில், சரகோசா நகருக்கு அருகே அல்மொனாசித் என்றொரு சிற்றூர் உண்டு. 1884ஆம் ஆண்டு அங்கே ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்த வேலையாட்கள், மரப்பலகைத் தளத்திற்கும் அதற்குக் கீழிருந்த உண்மையான தரைக்கும் இடையே ஒரு மறைவிடத்தைக் கண்டார்கள். உள்ளே அடுக்கடுக்காகக் கையெழுத்துக் கிதாபுகள்! அவை துணியால் சுற்றப்பட்டு, ஈரம் அண்டாதிருக்க உப்புக் கற்களுடன் வைக்கப்பட்டிருந்தன. நூல் கட்டும் கருவிகளும் உடனிருந்தன.

எழுத்தின் அருமை அறியாத சிறுவர்கள் பல பிரதிகளைக் கிழித்தும் எரித்தும் பாழாக்கினார்கள். சரகோசா பல்கலைக்கழகப் பேராசிரியர் பாப்லோ கில் என்பவர் முயன்று, எஞ்சியவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றினார். அவர் முஸ்லிம் அல்லர் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

இவற்றை ஒளித்தவர்கள் யார்? 1492இல் கர்னாத்தா வீழ்ந்தபோது, முஸ்லிம்களின் மார்க்கத்தில் தலையிடமாட்டோம் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. பத்தாண்டுகள்கூட அது நிலைக்கவில்லை. அரபுக் கிதாபுகள் பொது இடத்தில் கொளுத்தப்பட்டன. 1502இல் காஸ்டில் ஆட்சிப் பகுதியிலும், 1526இல் அரகோனிலும் 'மதம் மாறு, அல்லது வெளியேறு' என்று ஆணை பிறந்தது. மாறியவர்களாகக் காட்டிக்கொண்டு ஈமானை உள்ளத்தில் காத்தவர்களுக்கு, ஹிஜ்ரி 910இல் (கி.பி. 1504) மக்ரிபின் அறிஞர் அல்வஹ்ரானீ ஒரு ஃபத்வா அனுப்பினார். நிர்ப்பந்தத்தில் நாவு சொல்வதை உள்ளம் மறுக்கட்டும், தொழுகையைச் சைகையாலேனும் நிறைவேற்றுங்கள் என்பது அதன் சாரம். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள். அரகோன் மக்களின் முறை 1610இல் வந்தது.

அல்மொனாசித் கிதாபுகளில் பலவற்றின் எழுத்து அரபு. ஆனால் மொழியோ ஸ்பானியம். அரபு பேசும் வழக்கம் அற்றுப்போன மக்கள், துஆக்களையும் ஃபிக்ஹுச் சட்டங்களையும் நபிமார்களின் சரிதைகளையும் தம் தாய்மொழியில், குர்ஆனின் எழுத்தில் எழுதி வைத்தார்கள். இதற்கு வழங்கும் 'அல்ஹமியாதோ' என்ற பெயரும் 'அஜமிய்யா' என்ற அரபுச் சொல்லின் திரிபே. நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் நினைவுக்கு வரவில்லையா? அவற்றை வாசிக்கத் தெரியாத நாம், பழைய முஸ்ஹஃபுகளோடு சேர்த்து மையவாடியில் அடக்கிவிடுகிறோம். அது மரியாதைதான். எனினும் அடக்குமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கலாம்.

மற்றொரு செய்தி நம் உள்ளத்தை மேலும் தொட்டது. மாலகா மாநிலத்தின் கூத்தார் என்னும் மலைக் கிராமத்தில், 2003இல் ஒரு வீட்டைப் பழுதுபார்த்தபோது சுவருக்குள் ஒரு மாடம் வெளிப்பட்டது. அதில் மூன்று அரபுக் கையெழுத்து நூல்கள் இருந்தன. ஒன்று, முவஹ்ஹிதீன்கள் காலத்து குர்ஆன் பிரதி. மற்ற இரண்டும் அவ்வூர் இமாமும் ஃபகீஹுமான முஹம்மது அல்ஜய்யார் வைத்திருந்த ஏடுகள். பாகப்பிரிவினைக் கணக்குகள், மார்க்கச் சட்டக் குறிப்புகள் என, ஒரு மஹல்லாவின் இமாமிடம் மக்கள் அன்றாடம் கேட்டு வருபவையே அவற்றில் இருந்தன. இன்றும் நம்மிடம் கேட்கப்படுபவை அவைதாமே! நாட்குறிப்பைப் புரட்டினால் நம் எழுத்திலும் அதே மீராஸ் கணக்குகள்.

கி.பி. 1500ஐ ஒட்டிய நாட்களில், அந்த மூன்றையும் வைக்கோலால் பொதிந்து மாடத்தில் வைத்து, வெளியே தெரியாதபடி சுவரை அடைத்துவிட்டிருந்தார்கள்.