கடல் மீன் தொட்டியில் ஒரு கொள்ளை நோய்: வெண்புள்ளியின் கதை

உப்புத் தூளைத் தூவியது போல மீனின் உடம்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்க இது போதும். மீன் பாறையில் உடம்பைத் தேய்க்கும். வேகவேகமாக மூச்சு வாங்கும். தீனி எடுக்காது.

நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் புள்ளிகள் காணாமல் போயிருக்கும். "அப்பாடா, சரியாகிவிட்டது" என்று வளர்ப்பவர் நிம்மதியாக இருப்பார். அடுத்த சில நாட்களில் தொட்டியில் உள்ள எல்லா மீன்களுக்கும் புள்ளி! அதற்கும் அடுத்த வாரம் தொட்டியே காலி.

நடுவில் வந்த அந்த நிம்மதி எவ்வளவு பெரிய ஏமாற்று என்பதை முழுசாகப் புரிந்து கொள்ள விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய 60 வருடங்கள் ஆயின. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

லண்டனில் ஆரம்பம்

பொதுமக்கள் பார்ப்பதற்கான உலகின் முதல் மீன்காட்சியகம் 1853-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்கியல் பூங்காவில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1854-ல், பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கையியலாளர் எழுதிய புத்தகம் "அக்வேரியம்" என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது. அதே பூங்காவில் 1924-ல் புதிதாக ஒரு பெரிய மீன்காட்சியகம் திறந்தார்கள். (2019-ல் அது மூடப்பட்டு விட்டது.)

வெப்பமண்டலக் கடல்களிலிருந்து வண்ண மீன்கள் வந்து இறங்கின. கூடவே, டிக்கெட் வாங்காத விருந்தாளிகளும் வந்து இறங்கினார்கள்!

1931-ல் இ. எம். பிரவுன் என்ற ஆய்வாளர் கடல் மீன்களின் செவுளிலும் தோலிலும் ஒட்டியிருந்த ஒரு ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைப் பற்றி எழுதினார். 1934-ல் அதே உயிரியைப் பற்றி விரிவாக எழுதியபோது, அது கடல் மீன்களிடையே கொள்ளை நோயை உண்டாக்குகிறது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். இன்று அதற்கு அமைலூடினியம் என்று பெயர். மீன் மேல் மெல்லிய தூசு படிந்தது போலத் தெரிவதால் வளர்ப்பவர்கள் இதை "வெல்வெட் நோய்" என்பார்கள். 1936-ல் அமெரிக்காவில் ராஸ் நிக்ரெல்லி இதன் வாழ்க்கைச் சுழற்சியை விவரித்தார். அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் ஒரே தலைவலி!

பார்த்தவர் ஒருவர், பெயர் வைத்தவர் வேறொருவர்

நம் கதையின் வில்லன் இதைவிடப் பெரியவன். ஜப்பானைச் சேர்ந்த சிகாமா 1937-லேயே கடல் மீன்களின் வெண்புள்ளி நோயைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் அந்த ஒட்டுண்ணிக்கு அவர் முறைப்படி பெயர் வைத்தது 1961-ல்தான். அதற்குள், 1951-ல், அதே பிரவுன் அதற்கு "கிரிப்டோகாரியான் இரிடன்ஸ்" என்று பெயர் சூட்டியிருந்தார். விலங்கியல் விதிப்படி முதலில் வைத்த பெயர்தான் செல்லும். ஆகவே சிகாமாவின் பெயர் தள்ளிப்போனது.

நன்னீர் மீன்களுக்கும் இதே போல ஒரு வெண்புள்ளி நோய் உண்டு. அந்த ஒட்டுண்ணிக்கு 1876-லேயே பெயர் வைத்தாகிவிட்டது. இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், ஒரே மாதிரி வாழும். அதனால் வெகுகாலம் இவை நெருங்கிய சொந்தம் என்றே எண்ணினார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, 2002-ல், கடல் வெண்புள்ளியை முற்றிலும் வேறு ஒரு வகுப்புக்கு மாற்றினார்கள். இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. நன்னீர்த் தொட்டியில் உப்புப் போடுவது பழைய கை வைத்தியம். உப்பு நீரிலேயே பிறந்து வளர்ந்த ஒட்டுண்ணியிடம் அந்த வைத்தியம் எப்படிப் பலிக்கும்?

புள்ளி எங்கே போகிறது?

இந்த ஒட்டுண்ணிக்கு நான்கு வேடங்கள் உண்டு.

முதல் வேடத்தில் மீனின் தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாட்கள் தின்று கொழுக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுதான். இரண்டாவது வேடத்தில் மீனை விட்டு இறங்கித் தரையில் ஊர்கிறது. மூன்றாவதில் மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றித் தடித்த ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே பிரிந்து பெருகுகிறது. நான்காவதில் ஓட்டை உடைத்துக்கொண்டு 200 குஞ்சுகள் வரை நீந்தி வெளியே வரலாம்.

இறங்குவதும், குஞ்சு பொரிப்பதும் பெரும்பாலும் இருட்டில் நடக்கும். மீன்கள் அடியில் அசையாமல் தூங்கும் நேரம்!

ஆக, புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது.

குஞ்சுகளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும். பரந்த கடலில் இது லாட்டரிச் சீட்டு மாதிரி, அநேகமாக விழாது. தொட்டியிலோ மீன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்! ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் 200 குஞ்சு என்றால் 2,000. அதில் பத்தில் ஒன்று ஜெயித்தாலும் 200 புள்ளிகள். அடுத்த சுற்றில் 40,000 குஞ்சுகள். கூட்டு வட்டி தோற்றது!

மயில்துத்தம்

1955-ல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தின் ராபர்ட் டெம்ப்ஸ்டர், காப்பர் சல்ஃபேட் வெல்வெட் நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதினார். நம் ஊரில் மயில்துத்தம் என்போமே, அதேதான். பிற்பாடு வெண்புள்ளிக்கும் இது வழக்கமான மருந்தானது.

ஆனால் இதில் மூன்று சிக்கல்கள். ஒன்று, தாமிரம் கொல்வது நீந்தித் திரியும் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்கு அடியில் இருப்பதையும், ஓட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. இரண்டு, லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய அளவில் வாரக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீனே சாகும். பவள மணலும் சுண்ணாம்புப் பாறையும் தாமிரத்தை உறிஞ்சிக் கொள்வதால் அளவு நிலையாக நிற்பதும் இல்லை. மூன்று, பவளம், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் தாமிரம் விஷம்.

1966-ல் நிக்ரெல்லியும் ஜார்ஜ் ருக்கேரியும் நியூயார்க் மீன்காட்சியகத்தில் வெண்புள்ளியால் வந்த நோய்களைப் பற்றி எழுதினார்கள். வந்து போகும் நோய்க்கு உள்ள சொல்லை விட்டுவிட்டு, ஓரிடத்திலேயே தங்கிவிட்ட விலங்கு நோய்க்கு உள்ள சொல்லைத் தலைப்பில் வைத்தார்கள். தனியாக டாக்டர்களையும் ஆய்வுக்கூடத்தையும் வைத்திருந்த இடத்திலேயே இந்த நிலைமை!

நாள் கணக்கு

திருப்பம் வந்தது செங்கடல் கரையில். இஸ்ரேலின் எய்லாத்தில் ஆஞ்சலோ கொலோர்னி வளர்ப்பு மீன்களில் இந்த ஒட்டுண்ணியை ஆராய்ந்தார். 1985-ல், நீரின் உப்பைக் குறைப்பதன் மூலம் ஓடு கட்டிய நிலையையே அழிக்கலாம் என்று காட்டினார். 1987-ல் இன்னும் எளிமையான வழி சொன்னார். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு வெளியே வரக் குறைந்தது 3 நாளாவது ஆகும் அல்லவா? மூன்று நாளைக்கு ஒரு முறை மீனை மட்டும் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். இறங்கிய ஒட்டுண்ணிகள் பழைய தொட்டியிலேயே நின்றுவிடும். நான்கு முறை மாற்றினால் மீன் சுத்தம். மருந்தே வேண்டாம்!

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. மீனை எடுத்துவிட்ட பழைய தொட்டி எப்போது சுத்தமாகும்? எல்லா ஓடுகளும் ஒரே நாளில் பொரிவதில்லை. 1997-ல் கொலோர்னியும் பீட்டர் பர்ஜெஸ்ஸும் எழுதிய கட்டுரையில், 3 நாளில் பொரிவதும் உண்டு, 72 நாள் வரை காத்திருப்பதும் உண்டு என்று குறிப்பிட்டார்கள். தொட்டியை 76 நாட்கள் மீன் இல்லாமல் போட்டு வைக்க வேண்டும் என்று வளர்ப்பவர்கள் இன்று சொல்லும் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். பவளமும் இறாலும் உள்ளேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணி மீனை மட்டுமே தின்னும்.

இதிலும் முழு நிம்மதி கிடையாது. 2003-ல் தைவானில் குறைந்த உப்பிலும் பிழைக்கும் வகைகள் பதிவாயின. எதிராளி சும்மா இருக்கவில்லை!

காத்திருப்பதே வைத்தியம்

1377-ல் ரகுசா நகரம் (இன்றைய டுப்ரோவ்னிக்) பிளேக் பயத்தால் வெளியூர்க்காரர்களை 30 நாட்கள் தனியே நிறுத்தி வைத்தது. பின்னால் அது 40 நாளானது, 'நாற்பது' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து 'குவாரன்டைன்' பிறந்தது. 2020-க்குப் பிறகு அந்த வார்த்தையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடல் மீன் வளர்ப்பும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது: புது மீனைத் தனியே வை, நாட்களை எண்ணு.

தொட்டிகளில் நீந்தும் கடல் மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை அல்ல, பவளப் பாறைகளிலிருந்து பிடித்து வரப்பட்டவை. ஒரு தொட்டி காலியானால் அதை நிரப்ப இன்னொரு தடவை கடலில் வலை விழும். 76 நாட்கள் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் புள்ளி மறைந்த அன்றே கணக்கை மூடிவிட்டால், அதன் பாக்கியைக் கட்டப் போவது அடுத்து வரும் மீன்!