நிறுத்தத் தெரிந்தவன் ஜெயித்த கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குர்கானிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். "மாமா, பர்சனல் லோன் இப்ப என்ன வட்டி?"

பேங்க் ஆபீசராக இருந்தால் சொந்தக்காரர்கள் சௌக்கியம் விசாரிப்பதற்கு முன் வட்டி விசாரிப்பார்கள். பழகிவிட்டது. எதற்குடா என்றேன்.

"காருக்கு பிரேக் மாத்தணும்."

பிரேக்குக்கு லோனா! அப்பாவின் ஸ்கூட்டருக்கு பிரேக் ஷூ மாற்ற அவர் சட்டைப் பையில் இருந்த சில்லறையே போதுமே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. பையன் இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். வருடத்தில் இரண்டு மூன்று முறை கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத் சர்வதேச பந்தயத் தளத்துக்குப் போகிறான். 2011 முதல் 2013 வரை ஃபார்முலா ஒன் நடந்த அதே இடம். ஒரு சுற்று 5.125 கிலோமீட்டர், 16 வளைவுகள். 'டிராக் டே' என்றால் பந்தயம் இல்லை. கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, சொந்தக் காரை ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம்.

கடைசியாகப் போனபோது நான்காவது சுற்று. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்திருக்கிறான். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கார் வளைவில் திரும்பாமல் நேராக வெளியே ஓடி, அங்கே விட்டிருந்த வெட்டவெளியில் நின்றிருக்கிறது. அடி ஒன்றும் இல்லை. காரைக் காட்டிய கடையில் ஆறு பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்று முடித்தான்.

நான் படித்தது பி.காம். எனக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு பெட்ரோல் பில்லோடு சரி. ஆனால் கடன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: பணம் எங்கே போகப்போகிறது? அடுத்த இரண்டு வாரம் ராத்திரிகளில் பிரேக்கின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். அங்கேயும் கேள்வி அதேதான். சூடு எங்கே போகப்போகிறது?

பிரேக் செய்யும் வேலை அவ்வளவுதான் நண்பர்களே. ஓடும் வண்டியின் சக்தியைச் சூடாக மாற்றுகிறது. 1400 கிலோ கார் ஒன்று 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்குக் குறைந்தால் வெளிவரும் சூட்டில், ஐந்து லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இது ஒரே ஒரு வளைவுக்கு. வேகம் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு. கூட்டு வட்டியை விட மோசம் :-)

சரித்திரத்துக்கு வருவோம். டிரம் பிரேக்கும் டிஸ்க் பிரேக்கும் ஏறக்குறைய சம வயது. லூயி ரெனோ டிரம் பிரேக்குக்கு வடிவம் கொடுத்தது 1902ல். அதே 1902ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவர் வைத்த செம்பு பட்டைகள் சீக்கிரம் தேய்ந்தன, காது கூசும்படி கத்தின. ரெனோவின் டிரம் ஜெயித்தது. அடுத்த ஐம்பது வருடம் உலகம் முழுக்க டிரம்தான்.

டிரம்மில் பிரேக் ஷூ உள்ளே இருந்து வெளிப்பக்கமாக அழுத்தும். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். சூடும் உள்ளேயே அடைந்து கிடக்கும். முதல் தடவை நன்றாகவே பிடிக்கும். பத்தாவது தடவைதான் கை விரிக்கும்.

நடுவில் ஒரு பெரிய முன்னேற்றம். 1921ல் பிரான்சின் லெ மான்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அமெரிக்காவின் டியூசன்பர்க் காரில் ஜிம்மி மர்ஃபி ஜெயித்தார். அந்தக் காரில் ஹைட்ராலிக் பிரேக். மிதிக்கிற அழுத்தத்தைக் குழாய் வழியாகத் திரவம் கொண்டுபோகும். நாம் பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே, அதுதான்.

இந்தக் கதையின் நாயகன் வருவது 1950களின் தொடக்கத்தில். விமானங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்துவந்த டன்லப்பும் ஜாகுவாரும் கைகோத்தன. டிஸ்க் என்றால் வெட்டவெளியில் சுழலும் ஒரு தட்டு. இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்வும். காற்று நேராகப் பட்டு சூட்டை எடுத்துப் போகும். தட்டு விரிந்தாலும் பேடை விட்டு விலகாது. கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஓட்டிப் பார்த்தபோது தொல்லைக்கு மேல் தொல்லை. அதில் முக்கியமானது, பிரேக் ஆயில் கொதித்துப் போனது.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் பையனுக்கு நடந்ததும் இதுதானே? ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது.

ஜாகுவார்காரர்கள் விடவில்லை. 1952ல் ரீம்ஸ் நகரில் ஸ்டெர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் போட்ட சி டைப் காரில் ஜெயித்தார். அடுத்த வருடம் ஜூன் 1953, லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம். அங்கே அப்போது ஆறு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு நேர்பாதை, அதன் முடிவில் ஒரு கூர்மையான வலது திருப்பம். மற்ற கார்கள் பகல் தாண்டி இரவுக்குள் போகப்போக டிரம்மைக் காப்பாற்ற முன்னாடியே பிரேக் போட வேண்டியிருந்தது. ஜாகுவார் ஓட்டுநர்கள் சுற்றுக்குச் சுற்று தாமதமாகப் பிரேக் போட்டார்கள். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் முதலிடம். ஜாகுவாருக்கே இரண்டாவதும் நான்காவதும். சராசரி வேகம் மணிக்கு 170 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் சராசரி 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அன்று அவர்களை ஜெயிக்க வைத்தது, இருபத்துநாலு மணி நேரமும் ஒரே மாதிரி பிடித்த பிரேக்.

ஆனால் இரண்டே வருடத்தில் அதே இடத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 11 ஜூன் 1955. ஜாகுவார் டி டைப் காரில் மைக் ஹாதார்ன், டிஸ்க் பிரேக்கோடு. மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் கார்களில் டிரம்தான்; அதைக் காப்பாற்ற ஓட்டுநருக்குப் பின்னால் எழும்பி நிற்கும் ஒரு காற்றுத் தடுப்புப் பலகை. ஹாதார்ன், லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின் ஹீலியைத் தாண்டிவந்து பிட்டுக்குள் போக பிரேக் போட்டார். மாக்லின் மோதாமலிருக்க இடது பக்கம் ஒதுங்கினார். பின்னால் பெரும் வேகத்தில் வந்த பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் மாக்லினின் கார் மேல் ஏறிப் பறந்து கூட்டத்துக்குள் சிதறியது. லெவெக் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. பாதை குறுகல், கூட்டத்துக்குத் தகுந்த பாதுகாப்பு இல்லை. அந்த இரவே மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டு விலகியது. ஹாதார்ன் இணைதான் கடைசியில் ஜெயித்தது. அந்த வெற்றியின் படங்களைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

அதே 1955ல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. 1956ல் டிரயம்ஃப் டி.ஆர்.3. பந்தயத்தில் பிறந்தது தெருவுக்கு வந்துவிட்டது.

டிஸ்க்கே போதுமா என்றால், அதற்கும் லெ மான்ஸில் பதில் உண்டு. 1966ல் ஃபோர்டு ஏழு லிட்டர் எஞ்சினோடு கனமான கார்களைக் கொண்டுவந்தது. அத்தனை எடையை அத்தனை வேகத்திலிருந்து நிறுத்தியதில் டிஸ்க்குகள் விரிசல் விட்டன. அதனால் பந்தயத்தின் நடுவிலேயே டிஸ்க்கைச் சட்டென்று கழற்றி மாட்ட ஏற்பாடு செய்தார்கள். முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கு. சூட்டை வெளியேற்ற முடியாவிட்டால், சூடான பொருளையே மாற்று என்பது அவர்கள் கண்ட வழி.

இத்தனையும் படித்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டேன். முதல் கேள்வி: "பெடல் கெட்டியா இருந்தும் கார் நிக்கலையா, இல்லை பெடலே உள்ளே போச்சா?" கெட்டியாக இருந்து நிற்காவிட்டால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. இவனுக்கு இரண்டாவது.

"ஆயில் எப்ப மாத்தினே?"

வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லையாம்!

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 தான். டாட் 5.1க்கு 260, 180. எழுபத்தைந்து டிகிரியைத் தண்ணீர் தின்றுவிட்ட காருக்கு ஆறு பிஸ்டன் காலிப்பர் வாங்கி என்ன பயன்? அதற்குள் ஓடுவதும் ஆயில்தானே.

இன்னொன்றும் சொன்னேன். ஒரு தடவை நிற்பதற்கான தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. மிதித்ததும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்றால் பிரேக்கின் பலம் ஏற்கெனவே டயரைத் தாண்டிவிட்டது. பெரிய டிஸ்க் தருவது, சூட்டைத் தாங்கும் கொள்ளளவு. அது பின்னால் தேவைப்படலாம். இப்போது இல்லை.

ஆகவே என் சிபாரிசு இந்த வரிசையில்: முதலில் கொதிநிலை அதிகமான புது ஆயில், டிராக் போவதற்கு முன் ஒவ்வொரு முறையும். அடுத்து சூடு தாங்கும் பேட். ஆனால் முழுப் பந்தய பேட் வேண்டாம். அது குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலிலேயே ஆபத்து. மூன்றாவது, டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். நான்காவது காசில்லாதது: நாலு சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடு. இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால் லோன் அப்ளிகேஷன் நானே பூர்த்தி செய்து தருகிறேன்.

முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். ஒவ்வொரு தடவை அவன் அந்த நேர்பாதையின் முடிவுக்குப் போகும்போதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெடல் கடைசிவரை கெட்டியாக இருந்ததாம். இறங்கி வந்தவனிடம் 1955 கதையைச் சொன்னேன். உன் பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது, பின்னால் வருகிறவனுக்கும் அப்படிப் பிடிக்கும் என்று நினைக்காதே, பிட்டுக்குள் போகுமுன் கையைக் காட்டு, முன்னாடியே ஒதுங்கு என்றேன். தலையாட்டினான்.

நான் போட்ட ஒரு நிபந்தனை மட்டும் பாக்கி. இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அக்காவிடம் அவனே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் 'சரி மாமா' வரவில்லை.