கருப்பைப் படமும் அதன்பின் வரும் வழியும்: வன்னிப் பெருநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்கருவியை எவர் எவ்வாண்டிற் கண்டனர் என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின் நோயாளியின் நிலையில் நின்று நோக்குமிடத்து, கருவி தோன்றிய நாளினும், அக்கருவி எழுப்பிய ஐயத்துக்கு விடைதரவல்ல அடுத்த படி அவரது ஊருக்கு எட்டிய நாளே முதன்மை பெறும். கருப்பையை ஆராயும் மீயொலிப் படம், அதாவது பொதுமக்கள் ஸ்கான் என வழங்கும் சோதனை, இதற்குத் தக்க சான்றாகும். உட்படலம் தடித்துள்ளது, சுவரில் ஒரு கட்டி தெரிகின்றது, குழிவினுள் ஏதோ நிழலாடுகின்றது என்று படம் கூறும்போது, அது விடை கூறவில்லை, வினாவையே எழுப்புகின்றது. அவ்வினாவுக்கு விடைகாணும் படிமுறை உலகில் எவ்வாறு உருவாயிற்று, அது வன்னிப் பெருநிலத்துப் பெண்களை எப்போது எட்டிற்று என்பன ஈண்டு நோக்கற்பாலன.

கருப்பையின் உட்புறத்தை அறியும் முயற்சி மீயொலிக்கு நெடுங்காலம் முற்பட்டது. பாரிஸ் நகரத்து மருத்துவர் ரெக்காமியே 1840களிற் கருப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுக்கும் கரண்டி போன்ற கருவியொன்றைப் பயன்படுத்தினார். 1869ஆம் ஆண்டிற் பன்டலியோனி என்பார், இரத்தப்போக்கு நில்லாதிருந்த அறுபது வயதுப் பெண்ணொருவரின் கருப்பையினுள் ஒளிக்குழாயைச் செலுத்தி, ஆங்கிருந்த தசைமுளையைக் கண்ணாற் கண்டு மருந்திட்டுச் சுட்டார். கருப்பை அகநோக்குச் சோதனையின் தொடக்கம் இதுவெனக் கொள்வர். எனினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பெண்ணை மயக்கி, கருப்பைக் கழுத்தை விரித்து, உட்படலத்தைச் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வதே பொதுவழக்காயிருந்தது. கை உணர்ந்தவாறு சுரண்டும் இம்முறையிற் சிறு முளைகள் தப்பிவிடுதலும் உண்டு.

இந்நிலையை மாற்றியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து மகப்பேற்றியற் பேராசிரியர் இயன் டொனால்ட் ஆவார். உலோகத்தினுள் மறைந்துள்ள வெடிப்புக்களை ஒலியலையாற் கண்டறியும் தொழிற்சாலைக் கருவி, உடலினுள் உள்ள கட்டிகளையும் காட்டாதோ என்பது அவர்தம் சிந்தனை. 1955ஆம் ஆண்டில், அறுவையில் அகற்றப்பட்ட நார்க்கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃபுறூ என்னுமிடத்திலிருந்த கொதிகலத் தொழிற்சாலைக்கு அவர் சென்றார். திண்மக் கட்டியும் நீர்க்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தருதலை ஆங்குக் கண்டார். மக்விகார் என்னும் மருத்துவரும் பிறவுண் என்னும் பொறியியலாளரும் அவருடன் இணைந்தனர். மூவரும் எழுதிய ஆய்வுரை 1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் லான்செற் இதழில் வெளியாயிற்று. குணப்படுத்தவியலாத இரைப்பைப் புற்றுநோயென முடிவுகட்டப்பட்ட பெண்ணொருவருக்கு உண்மையில் இருந்தது பெரியதொரு சூலகக் கட்டியே என்பதை அக்கருவி காட்டிற்று. கட்டி அகற்றப்பட அப்பெண் பிழைத்தார். ஆயினும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. அப்பெண்ணைக் காத்தது படம் மட்டுமன்று. படத்தைத் தொடர்ந்து அறுவைக்கூடம் ஒன்று அதே நகரில் ஆயத்தமாயிருந்தமையுமாகும்.

அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளில் இப்படிமுறை செம்மையுற்றது. 1980களில் யோனிவழிச் சோதனைக்கோல் வழக்கிற்கு வந்தது. கருப்பைக்கு அணித்தாக நின்று நோக்குதலின், உட்படலத்தின் தடிப்பை மில்லிமீற்றர் அளவிற் கணிக்க அது வழிசெய்தது. மாதவிடாய் முற்றாக நின்றபின் இரத்தப்போக்குற்ற 1,168 பெண்களை ஆராய்ந்து, ஸ்கண்டிநேவிய நாடுகளின் மருத்துவர்கள் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. அப்பெண்களிடத்து உட்படலம் 4 மில்லிமீற்றரினும் மிகாதாயின் புற்றுநோய் இருத்தல் மிக அரிது என்பதும், மிகின் இழையத்தை எடுத்து ஆராய்தல் வேண்டும் என்பதும் அதனாற் பெறப்பட்டன. மெல்லிய நெகிழ்குழாயாற் சிறிதளவு இழையத்தை மயக்கமருந்தின்றியே உறிஞ்சியெடுக்கும் முறையும், உப்புநீரைக் கருப்பையினுட் செலுத்தி மீண்டும் படமெடுத்து முளையையும் கட்டியையும் வேறுபடுத்தும் முறையும் 1980களிலும் 1990களிலும் பரவின. அகநோக்கிக் குழாயினூடே நோக்கி, முளையை அப்போதே அகற்றுதலும் இயல்வதாயிற்று.

இன்று கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு இவற்றின் பயனேயாம். மாதவிடாய் காணும் பெண்ணாயின், உட்படலம் மெலிந்திருக்கும் நாட்களில், அதாவது உதிரம் நின்றவுடன், படம் மீண்டும் எடுக்கப்படுவதுண்டு. எளிய நீர்க்கட்டியாயின் சில வாரங்கள் கழித்து மறுபடியும் நோக்குதலே பெரும்பாலும் போதும். அது தானே மறைதல் இயல்பு. துன்பந்தராத நார்க்கட்டிக்கு மருத்துவம் வேண்டப்படுவதில்லை. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவரிடத்து முறைதவறிய உதிரப்போக்கும், மாதவிடாய் நின்றபின் எவ்வயதினரிடத்தும் தோன்றும் சிறு உதிரக் கறையும் இழையச் சோதனையை வேண்டி நிற்பன. அவ்வாறு மாதவிடாய் நின்றபின் உதிரங்காணும் பெண்களிற் பத்தில் ஒன்பது பேர்வரை புற்றுநோயற்றவரே என்பது ஆறுதல் தருவது. ஆயின் கருப்பை உட்படலப் புற்றுநோயுற்ற முதுபெண்டிருள் மிகப்பெரும்பாலோர்க்கு முதற்குறி அவ்வுதிரமே என்பதனால், அதனைப் புறக்கணித்தல் தகாது.

இலங்கைத் தமிழ்ப் பரப்பில் இத்துறையின் தொடக்கம் யாழ்ப்பாணத்தது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மவுன்செல் என்பாரின் மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கவும் செய்தார். 1898இல் இணுவிலிற் பெண்களுக்கெனவே மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. ஆண் மருத்துவரிடஞ் செல்ல நாணிய பெண்டிர்க்கு அது புகலிடமாயிற்று. ஆனால் இவையெல்லாம் ஆனையிறவுக்கு வடக்கே நிகழ்ந்தவை.

தெற்கே கிடந்த வன்னியின் நிலை வேறு. 1895இல் வெளியான லூயிஸ் துரையின் வன்னி மாவட்டக் கைந்நூல், காடும் பாழடைந்த குளங்களும் காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் மலிந்து, மக்கள் அருகிய நிலமாகவே அதனைக் காட்டுகின்றது. 1905இல் வடபகுதி இருப்புப் பாதை வவுனியாவையும் கிளிநொச்சியையும் ஊடறுத்துச் சென்றது. பின்னர் இரணைமடுக் குளமும் குடியேற்றத் திட்டங்களும் மக்களைக் கொணர்ந்தன. மலேரியா ஒழிப்பு அவர்களை நிலைக்கச் செய்தது. முல்லைத்தீவு 1970களின் இறுதியிலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. ஊர்தோறும் இருந்த மருத்துவிச்சியின் இடத்தைப் படிப்படியாக அரசாங்க மருத்துவமாது பெற்றார். பிரசவம் இவ்வாறு காக்கப்பட்டது. எனினும் பிரசவத்தோடு தொடர்பில்லாத கருப்பை நோயாயின், யாழ்ப்பாணத்துக்கோ தெற்கே பெருநகரொன்றுக்கோ செல்வதே வழியாயிருந்தது.

அவ்வழியும் அடைபட்ட காலம் பின்னர் வந்தது. 1990இல் இருப்புப் பாதைச் சேவை அற்றது; மருந்து, எரிபொருள், மின்கலம் முதலியன வன்னிக்குட் செல்லத் தடைகள் விதிக்கப்பட்டன. ஈண்டு ஆண்டுகளை ஒப்புநோக்குதல் பயன்தரும். ஸ்கண்டிநேவிய ஆய்வு வெளியான 1995ஆம் ஆண்டின் ஒக்ரோபர் மாத இறுதியிலேயே வலிகாம மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். அவருட் பல்லாயிரவர் வன்னியை அடைந்தனர். முப்பத்தைந்து வயதுப் பெண்களை முன்னிட்டுச் சுகவனிதையர் கிளினிக்குகளை இலங்கை அரசு தொடங்கிய 1996ஆம் ஆண்டிலேயே கிளிநொச்சி நகரம் போர்க்களமாகி, அதன் வைத்தியசாலையும் தன் இடத்தை விட்டு அகன்றது. பிறவிடங்களில் இச்சோதனைகள் எளியனவாகி வந்த பத்தாண்டுகளே, வன்னியில் அவற்றுக்கான வாயில்கள் ஒவ்வொன்றாக மூடிய பத்தாண்டுகளாயின. படமெடுக்கும் பொறிக்கு மின்பிறப்பாக்கி வேண்டியிருந்தது. எடுத்த இழையத்தைச் சோதனைச்சாலைக்கு அனுப்பக் காவலரண்களைக் கடத்தல் வேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறக்கப்பட்டுச் சிறிது காலம் இத்துயர் தணிந்தது. 2006 ஓகஸ்றில் முகமாலையில் அப்பாதை மீண்டும் மூடப்பட்டது.

2009இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி விரித்துரைத்தல் வேண்டா. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என வைத்தியசாலைகள் மக்களோடு தாமும் இடம்பெயர்ந்தன. பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏறத்தாழ 14,000 நோயாளரும் உறவினரும் கடல்வழியே வெளியேற்றப்பட்டனர். குருதி சொரியும் காயங்களுக்கே மருந்தில்லாத அவ்விடத்தில், திங்கள்தோறும் மிகுந்து வரும் உதிரத்தைச் சொல்லிக்கொள்ள எப்பெண்ணுக்கு நாவெழும்? நீடித்து வளரும் நோய்கள் போர்க்காலத்திற் கணக்கிடப்படாமற் போதற்கு இதுவே காரணம்.

போரின் பின் பாதைகள் மீண்டன. 2013இற் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகைவண்டி மீண்டும் ஓடிற்று. 2011இல் நாட்டின் தென்முனையினின்று வடமுனைவரை நிகழ்ந்த நிதிதிரட்டும் நடைபவனியின் பயனாகத் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2024 மே மாதத்தில், நெதர்லாந்து அரசின் உதவியுடன் அமைக்கப்பட்ட பெண்கள் நலச் சிறப்பு நிலையம் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையிற் திறந்துவைக்கப்பட்டது. ரெக்காமியேயின் கருவிக்குப் பின் ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளும் டொனால்டின் ஆய்வுரைக்குப் பின் அறுபத்தாறு ஆண்டுகளும் கழிந்தே, பெண்நோய் மருத்துவத்துக்கென இத்தகையதொரு நிலையம் வன்னி மண்ணில் எழுந்தது.

கட்டடம் எழுந்தமையால் மட்டும் வரலாறு நிறைவுறுவதில்லை. படிமுறை இடையில் அறுபட்டால் விளையும் கேடு இருவகைத்து. ஒன்று, படத்தோடு நின்றுவிடுதல். நோய் முற்றும்வரை ஐயம் ஐயமாகவே கிடக்கும். மற்றையது, இடைப்படிகளைத் தாவிக் கருப்பையையே அகற்றிவிடுதல். மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் தொழிலுக்குச் செல்லும் பெண்களிடையே 2019இல் நிகழ்ந்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ 82,000 பேருள் 13,000இற்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவராயிருந்தமை நாடெங்கும் அதிர்ச்சியை விளைத்தது. வேலைநாளை இழக்க இயலாத வறுமையும் முறையான சோதனையின்மையும் அதற்கு ஏதுக்களாகக் கூறப்பட்டன. வயல்வேலையும் கூலிவேலையும் செய்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் மலிந்த வன்னிக்கும் இஃதோர் எச்சரிக்கையாம்.

பிறிதொரு மயக்கமும் நீங்கல் வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கிற் செய்யப்படும் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கு உரியது. கருப்பையின் உட்படலத்தைப் பற்றி அதனால் உறுதிகூற இயலாது. அதில் குறையொன்றுமில்லை எனக் கேட்ட பெண், பின்னர் உதிரங் காணின் வாளாவிருத்தல் ஆகாது. இதனை ஊரவர்க்கு அவர்தம் மொழியில் எடுத்துரைக்கவல்லவர் வாசல்தோறும் செல்லும் குடும்பநல மருத்துவமாதே ஆவார். நூற்றறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே மகப்பேற்று மருத்துவத்தைத் தமிழிற் கூறக்கூடும் என்று கிறீன் காட்டிச் சென்றார். படம் எழுப்பும் வினாவையும் அதற்குரிய விடையையும் அதே தமிழில், அச்சமின்றியும் நாணமின்றியும் வன்னிப் பெண் கேட்டறியும் நாளே, நெடுங்காலம் அறுபட்டுக் கிடந்த அவ்வழி முற்றாக இணைந்த நாளாகும்.