முக்கூர்த்தி தேசியப் பூங்காவும் ஆம்பூர்த் தோல் தொழிலும்

முக்கூர்த்தி தேசியப் பூங்கா, நீலகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்துள்ளது. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். வரையாட்டைக் காக்கும் நோக்கில் 1982-ல் சரணாலயமாகவும், 1990-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களுக்கும் இந்தக் குளிர்மலைக்கும் தொடர்பு உண்டென்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்தத் தொடர்பு ஒரு மரப்பட்டையின் வழியாக வந்தது.

நில அமைப்பும் உயிரினங்களும்

முக்கூர்த்தி சிகரம் 2,554 மீட்டர் உயரம். அருகிலுள்ள கொல்லரிபெட்டா 2,630 மீட்டர். மேடுகளில் புல்வெளி, மலை மடிப்புகளில் குட்டையான, பாசி படர்ந்த மரங்கள் நிறைந்த சோலைக்காடு. இரண்டும் சேர்ந்ததே இங்கு இயற்கையான காடு. குளிர்காலத்தில் திறந்த வெளியில் உறைபனி விழுவதால் சோலை மர நாற்றுகள் அங்கே பிழைப்பது அரிது, புல் பிழைக்கும். பருவமழையை இந்தப் புல்லும் அதனடி மண்ணும் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து, கோடையிலும் சிறிது சிறிதாக விடுகின்றன. இங்கு பிறக்கும் பைக்காரா மோயாற்றிலும், மோயாறு பவானியிலும், பவானி காவிரியிலும் சேர்கின்றன. ஈரோட்டு வயலுக்கும் இந்தப் புல்லில் பங்குண்டு.

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைச் சங்க நூல்கள் வருடை என்கின்றன. அது மேய்வது புல்வெளியில்; புலி, சிறுத்தை, செந்நாய் வந்தால் தப்பி ஓடுவது செங்குத்துப் பாறைக்கு. இரண்டும் அருகருகே இருந்தால்தான் அது வாழும். பார்வையை மறைக்கும் அடர்ந்த மரத்தோப்பு அதற்கு ஆபத்து. கடமான், நீலகிரி மந்தி, நீலகிரி நெட்டைக்காலி போன்றவையும் இங்குள்ளன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இந்தச் சரிவுகளுக்கு உரியது.

ஆவாரம்பட்டையிலிருந்து வாட்டில் பட்டைக்கு

தோலைக் கெடாமல் காப்பது பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள். நம் பகுதியில் தொடக்கத்தில் அதற்குப் பயன்பட்டவை ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும், மெருகுக்குக் கடுக்காய். ஆவாரை புதர்ச்செடி; ஏற்றுமதி பெருகியபோது அது போதவில்லை. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வாட்டில் மரத்தின் பட்டையில் துவர்ப்பு மிக அதிகம். தென்னாப்பிரிக்காவில் பெருந்தோட்டங்களாக வளர்க்கப்பட்ட அதன் பட்டை கப்பலில் நம் நாட்டுக்கு வந்தது.

1946-ல், நிறவெறிக் கொள்கையை எதிர்த்து, இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியது. பெருமைக்குரிய முடிவு அது. ஆனால் பட்டைக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே விறகுக்காகக் கொண்டுவரப்பட்டு, சீகை மரம் என்று அழைக்கப்பட்ட வாட்டில் இருந்தது. விடுதலைக்குப் பின் வனத்துறை அதை நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் பெருமளவில் நட்டது. மேட்டுப்பாளையத்தில் பட்டைச் சாறு எடுக்கும் ஆலையும் வந்தது. புல்வெளி என்றால் மரமில்லாத வீண் நிலம் என்பதே அன்றைய அரசுக் கணக்கு. இன்றும் மரம் நடுவதெல்லாம் நன்மை என்றே பள்ளி விழாக்களில் பேசுகிறோம். எந்த நிலத்தில், எந்த மரம் என்று கேட்பதில்லை.

தேவை போனது, மரம் நின்றது

பட்டையால் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பால் ஓரிரு நாளில் முடியும். 1970-களில் அரை பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. ஆம்பூர், இராணிப்பேட்டை ஆலைகள் குரோமியத்துக்கு மாறின. அதன் விளைவாகப் பாலாறு பட்ட பாட்டை, 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்குத் தீர்ப்பு மூலம் நாடறியும்.  பட்டையின் தேவை குறைந்தது, வாட்டில் குறையவில்லை. முக்கூர்த்தி எல்லைக்குள்ளும் அது புல்லை மூடியபடி பரவியது.

அதை வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்கிறது. மண்ணில் உதிர்ந்த விதை பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து, தீப்பட்டால் கூட்டமாக முளைக்கிறது. சில இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் வளர்வதால், ஒரேயடியாக வெட்டிவிடக் கூடாது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது சோலைக்குத்தான் பொருந்தும். புல்வெளி இன்னும் மிஞ்சியிருக்கும் இடங்களில் காத்திருப்பது இழப்பையே கூட்டும் என்பது என் கருத்து.

அயல்மரங்களை அகற்ற சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. 2022-ல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு ரூ.25.14 கோடியில் நீலகிரி வரையாடு திட்டம் அறிவிக்கப்பட்டது; புல்வெளிகளை மீட்பதும் அதன் பணிகளுள் ஒன்று. 2024-ல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

மீட்பு வேலை என்பது வாட்டிலை வெட்டுவதோடு நிற்பதில்லை. நாட்டுப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து, கொத்துக் கொத்தாக நட்டு, நடுவே முளைக்கும் வாட்டில் கன்றுகளை ஆண்டுதோறும் கையால் பிடுங்க வேண்டும். எந்தச் சரிவில் எந்தப் புல் வளர்ந்தது என்பதைத் தோடர் பெரியவர்கள் அறிவார்கள். அவர்களுடைய கோயில் கூரைகளை வேய்வதற்கு உரிய புல்லும் இந்த மேடுகளிலும் சதுப்புகளிலுமிருந்தே வர வேண்டும்.